சாம்பல் அணில் வாழும் மலை

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கெல்லையில் நெடுமதிலெனத் தொடர்ந்து நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. அம்மலையடியில், ஒன்றற்கொன்று அண்மையில் அமைந்தவை திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் ஆகும். திருவில்லிபுத்தூர், பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய திருப்பதி. பதினொரு நிலைக் கோபுரத்தால் நெடுந்தொலைவிலிருந்தே தன்னை அறிவிக்கும் ஊர். அவ்வூர்ப் பால்கோவா 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. இராசபாளையம், பஞ்சாலைகளாலும் மாந்தோப்புகளாலும் வெண்ணிற வேட்டை நாய்களாலும் பெயர் பெற்றது. இவ்விரண்டு ஊர்களின் சிறப்பைக் கூறுவோர் பெரும்பாலும் இவற்றோடு நிறுத்திவிடுவர். ஆயின், இவ்வூர்களுக்கு மேற்கே, மலைச்சாரலின் மர உச்சிகளில் மற்றோர் அரிய செல்வமும் உண்டு. அச்செல்வத்தைக் காண விழைவோர் நெடும்பொருள் செலவிட வேண்டுவதில்லை. பொறுமை ஒன்றே போதும். அதுவே சாம்பல் நிற மலை அணில்.

மலையும் நீரும்

அணிலை அறியுமுன் அது வாழும் மலையை அறிதல் வேண்டும். அடிவாரத்தில் முட்புதர்க் காடு. அதற்குமேல் வேனிலில் இலையுதிர்க்கும் மரங்கள் நிறைந்த காடு. ஓடைக்கரைகளில் ஆண்டு முழுதும் பசுமை மாறாத பெருமரங்கள். மலைமுடியை அணுகுங்கால் சோலைக்காடும் புல்வெளியும் என, ஒரு மலையிலேயே பல வகைக் காடுகள் படிப்படியாக அமைந்துள்ளன. திருவில்லிபுத்தூருக்கு மேற்கே ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் செண்பகத்தோப்பு உள்ளது. காட்டழகர் கோவில் அமைந்த சாரல் அது. இராசபாளையத்திற்கு மேற்கே அய்யனார் கோவில் அருவி இருக்கிறது. வடக்கே, வத்திராயிருப்பை அடுத்துப் பிளவக்கல் நீர்த்தேக்கமும், சித்தர் மலை என்று மக்கள் போற்றும் சதுரகிரியும் உள்ளன.

மழைக்காலத்தில் மலைமேல் விழும் நீரை இக்காடு வீணே ஓடவிடுவதில்லை. உதிர்ந்த சருகும், வேரும், புல்லும் அந்நீரை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. பின்னர்ச் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு அளிக்கின்றன. முடங்கியாறு, அருச்சுனாறு முதலியன இவ்வாறு மலையினின்று இறங்கி வைப்பாற்றை வளப்படுத்துகின்றன. இராசபாளையத்து மக்கள் பருகும் நீரில் ஒரு பகுதி இம்மலையடியிலுள்ள ஆறாவது மைல் நீர்த்தேக்கத்திலிருந்து வருவதே. மலைத்தொடரின் மறுபுறத்து வருசநாட்டு மலையில்தான் வைகையும் பிறக்கின்றது. ஆகவே, காட்டைக் காப்பது விலங்குக்குச் செய்யும் அறம் மட்டுமன்று. நகரத்து வீட்டின் குடத்தில் நீர் நிறைவதற்கும் அதுவே வழி.

அணிலின் தோற்றம்

வீட்டு முற்றத்தில் ஓடும் சிற்றணிலை அறியாதார் இலர். முதுகில் மூன்று வரி உடைய அச்சிற்றணிலை மனத்திற்கொண்டு மலை அணிலைத் தேடுவோர் வியப்படைவர். மலை அணிலின் உடல் ஓரடிக்கு மேற்பட்ட நீளமுடையது. வாலோ உடலின் நீளத்தை ஒத்தோ, மிஞ்சியோ இருக்கும். மூக்கு முதல் வால் நுனி வரை அளந்தால் ஏறத்தாழ இரண்டரை அடி ஆகும். எடை ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை இருக்கும். முதுகின் மயிர் சாம்பல் நிறமானது. மயிரின் நுனிகள் வெளுத்திருத்தலால், முதியவர் தலை நரைத்தாற்போல அது தோன்றும். வயிறு வெளிறிய நிறமுடையது. உச்சந்தலை கருமை கலந்தது. கிளையில் அமர்ந்திருக்கும்போது வால் கீழே நெடிது தொங்கும். அத்தொங்கும் வாலே பெரும்பாலும் காண்போர் கண்ணில் முதலில் படும்.

1769-ஆம் ஆண்டில், வேல்சு நாட்டு இயற்கை அறிஞராகிய தாமசு பென்னன்ட் என்பார் இவ்வணிலை முதன்முதலாக அறிவியல் முறையில் விவரித்தார். அவர் விவரித்தது இலங்கையிலிருந்து கிடைத்த அணிலை. இதன் அறிவியற் பெயர் ‘ரட்டுஃபா மேக்ரூரா’ என்பது. அதில் ‘மேக்ரூரா’ என்பது நீண்ட வாலை உடையது என்று பொருள்படும். இலங்கையிலும் தென்னிந்தியாவின் சில இடங்களிலும் அன்றி, உலகில் வேறெங்கும் இவ்வணில் இயற்கையாக வாழ்வதில்லை. கேரளத்துச் சின்னாறு, காவிரிக்கரைக் காடுகள் முதலியன இது வாழும் பிற இடங்களாம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவை நெருங்கும் நிலையிலுள்ள உயிரினங்களுள் ஒன்றாகக் குறித்துள்ளது.

இம்மலையிலேயே மற்றொரு பேரணிலும் உண்டு. அது செந்நிறமும் கருநிறமும் கலந்த மலபார் அணில். மழை மிகுந்த உயர்ந்த காட்டை அது விரும்பும். சாம்பல் அணிலோ தாழ்ந்த சாரல்களின் ஓடைக்கரை மரங்களை விரும்பும்.

மரக்கிளையே வழி

சாம்பல் அணில் நிலத்தில் இறங்குவது அரிது. உண்பதும், உறங்குவதும், குட்டி ஈன்று வளர்ப்பதும் மரத்தின்மேலேயே. புளி, மா, மருது, வேங்கை முதலிய மரங்களில் அது காணப்படும். காய், கனி, விதை, தளிர், பட்டை ஆகியவை அதன் உணவு. புளியம்பழம் பழுக்குங்காலத்தில் அதன் மகிழ்ச்சிக்கு எல்லை இல்லை. பின்னங்கால்களால் கிளையைப் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியபடி, முன்னங்கைகளால் பழத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டை உடைத்து உண்ணும் காட்சி காணத்தக்கது. காலையிலும் மாலையிலும் இரை தேடும். நண்பகலின் வெம்மையில் கிளைமேல் குப்புறப் படுத்துக் கால்களை இருபுறமும் தொங்கவிட்டு ஓய்வு கொள்ளும்.

சிறு குச்சிகளாலும் இலைகளாலும் உருண்டை வடிவில் இது கூடு கட்டும். ஓர் அணிலுக்கு ஒரு கூடு என்னும் வரையறை இல்லை. தான் உலவும் எல்லைக்குள் பல கூடுகளை அமைத்துக்கொள்ளும். கூடு கட்டும் இடத்தைத் தேர்வதில் அதன் அறிவு விளங்கும். பல மரங்களின் கிளைகள் தம்முள் பின்னிக் கிடக்கும் இடத்தையே அது நாடும். கருங்கழுகு மேலிருந்து பாயினும், சிறுத்தை கீழிருந்து ஏறினும், எத்திசையிலேனும் தப்பியோட ஒரு கிளை இருத்தல் வேண்டும் அல்லவா? இதன் ஈற்றில் பெரும்பாலும் ஒரு குட்டியே இருக்கும். ஆதலின், இழந்த தொகையை விரைவில் ஈடு செய்தல் இவ்வினத்திற்கு இயலாது.

இவ்வணிலுக்குக் கிளையே தெரு. கிளைகள் கூடும் இடமே நாற்சந்தி. காட்டின் நடுவே ஒரு பெருமரம் வெட்டுண்டு வீழ்ந்தால், மனிதர் கண்ணுக்குக் குறைந்தது ஒரு மரமே. அணிலுக்கோ அதனால் ஓர் ஊர்ப்பாதையே அறுபட்டுவிடும். தாவிக் கடக்கலாம் எனின், தாவுதற்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லைக்கு மேற்பட்ட இடைவெளி நேர்ந்தால் அணில் தரையில் இறங்க வேண்டும். அன்றேல், அக்கரையை மறந்து இக்கரையிலேயே அடங்கிவிட வேண்டும். தரையில் இறங்கின், மரத்தில் மின்னலென ஓடும் அவ்வுடல், நாய்க்கும் பிற பகைக்கும் எளிதில் இரையாகும். இக்கரையிலேயே அடங்கின், உணவும் துணையும் அருகும். காடு பரப்பளவில் குறையாதிருந்தும், மரங்களின் தொடர்ச்சி அறுபடுவதால் ஓர் உயிரினம் நலிதல் கூடும் என்பதற்குச் சாம்பல் அணிலே தக்க சான்று.

சரணாலயம் அமைந்தமை

இவ்வுண்மையை உணர்ந்த தமிழ்நாடு அரசு, 1988-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காட்டைச் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவித்தது. யானையும் வேங்கையும் வாழும் ஒரு காடு, அவற்றின் பெயரால் அன்றி ஓர் அணிலின் பெயரால் வழங்குதல் நினைக்கத்தக்கது. தென்மேற்கே கேரளத்துப் பெரியாறு புலிகள் காப்பகமும், வடமேற்கே மேகமலைக் காடும் இதனோடு தொடர்ந்து கிடக்கின்றன. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திருவில்லிபுத்தூர்க் காடும் மேகமலைக் காடும் இணைக்கப்பெற்று, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட புலிகள் காப்பகம் ஆயின. முதுமலை, களக்காடு முண்டந்துறை, ஆனைமலை, சத்தியமங்கலம் ஆகியவற்றை அடுத்து, தமிழ்நாட்டில் அமைந்த ஐந்தாவது புலிகள் காப்பகம் இது.

அணிலைக் காக்க எழுந்த வேலி அணிலை மட்டும் காக்கவில்லை. புல்வெளி உச்சிகளில் வரையாடு மேய்கின்றது. சோலைகளில் சிங்கவால் குரங்கும் கருமந்தியும் வாழ்கின்றன. கடமான், புள்ளிமான், கேளையாடு, சருகுமான் என மானினமும், காட்டெருமையும் கரடியும் சிறுத்தையும் உலவுகின்றன. இரவில் தேவாங்கு மெல்ல ஊர்கின்றது; பறக்கும் அணில் மரத்தினின்று மரத்திற்கு மிதந்து செல்கின்றது. பெரிய இருவாச்சிப் பறவை பறக்குங்கால் அதன் சிறகோசை, பறவை கண்ணுக்குத் தோன்றுமுன்பே காதில் விழும்.

தமிழர் கண்ட அணில்

அணில் தமிழர்க்குப் புதியதன்று. இராமபிரான் கடலில் அணை கட்டியபோது அணிலும் தன்னால் இயன்ற தொண்டு செய்தது என்னும் கதையைத் தொண்டரடிப்பொடியாழ்வார் தம் திருமாலையுள் எடுத்தாண்டுள்ளார். அதற்கும் பல நூற்றாண்டுகட்கு முற்பட்ட சங்கப் புலவர் ஒருவர் அணிலாலேயே பெயர் பெற்றார். அணிலாடு முன்றிலார் என்பது அவர் பெயர். அவர் பாடிய குறுந்தொகைப் பாட்டில், தலைவனைப் பிரிந்த தலைவி தன் தனிமையைக் கூறுகின்றாள். மக்கள் விட்டுப்போன சிற்றூரின் வெறுமையான முற்றத்தில் அணில் விளையாடும். அவ்வீடு எத்துணைப் பொலிவிழந்து கிடக்குமோ, அத்துணைப் பொலிவிழந்தேன் என்பது அவள் கூற்றின் கருத்து. புலவர் பெயர் மறைந்தும் அவர் கண்ட காட்சி மறையாது நின்றது.

அப்புலவர் அணிலின் இயல்பை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார் என்பது கருதத்தக்கது. மனிதர் நடமாட்டம் இருக்கும்வரை அணில் ஒதுங்கி நிற்கும். மனிதர் இல்லை என்று தெளிந்த பின்னரே முற்றம் அதன் ஆடுகளமாகும். தலைவியின் துயரத்தைப் புலப்படுத்த வந்த அவ்வுவமையில், காட்டுயிரைக் காண விரும்புவோர்க்கு வேண்டிய முதற்பாடமும் அடங்கியுள்ளது. காண்பவன் அங்கு இருந்தும் இல்லாதவன்போல் ஆகிவிட வேண்டும்.

காணும் முறை

காட்டுக்குட் செல்வோர் பலர், ஒன்றையும் காணாது திரும்புகின்றனர். விலங்கு இல்லாமையன்று அதற்குக் காரணம். அவர்தம் ஆரவாரமே காரணம். உரத்த பேச்சு, பளிச்சிடும் வண்ண உடை, நறுமணப் பூச்சு ஆகிய மூன்றும் காட்டுக்கு ஆகா. காட்டின் நிறத்தோடு ஒத்த மங்கலான உடையே தக்கது. காற்று எத்திசையிலிருந்து வீசுகின்றது என்று அறிந்து நடத்தல் வேண்டும். யானைக்குப் பார்வையினும் மோப்பமே கூர்மை. மனித வாடையைக் காற்று கொண்டு சென்றால், அது விலகிப் போகவும் கூடும், வெகுண்டு வரவும் கூடும்.

கண்ணுக்குமுன் காது வேலை செய்தல் வேண்டும். புளியமரத்தடியில் ஓடுகள் ‘பொத், பொத்’ என்று விழும் ஓசை கேட்டால், மேலே அணில் உண்ணுகின்றது என்று உணரலாம். அப்போது விரலை நீட்டிக் கூவுதல் கூடாது. நின்ற இடத்திலேயே நின்று, தலையை மெல்ல உயர்த்தி, தொங்கும் வாலைத் தேடுதல் வேண்டும. இருகண் தொலைநோக்கி ஒன்று கையிலிருப்பின் நன்று. அச்சங்கொண்ட அணில் கிளையோடு கிளையாக ஒட்டிக்கொண்டு அசையாது கிடக்கும். அன்றேல் உரத்துக் கத்தும். கத்துமாயின், காண்போர் சற்றுப் பின்வாங்குதல் முறை. கால் மணி நேரம் அமைதியாக இருப்பின், அது தன் தொழிலை மீண்டும் தொடங்கும்.

நிலமும் ஒரு நூலே. அதனைப் படிக்கக் கற்றவர்க்கு விலங்கை நேரிற் காணாமலே பல செய்திகள் தெரியவரும். ஈரமண்ணில் பதிந்த அடிச்சுவட்டில் நகக்குறி தெரிந்தால் அது பெரும்பாலும் நாயினத்தைச் சேர்ந்தது. சிறுத்தையும் வேங்கையும் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் அவற்றின் சுவட்டில் நகக்குறி தெரியாது. கறையான் புற்று தோண்டப்பட்டிருந்தால் கரடி வந்து சென்றிருத்தல் கூடும். மந்திகள் திடீரென எச்சரிக்கைக் குரல் எழுப்பி, எல்லாம் ஒரே திசையை நோக்கினால், அத்திசையில் சிறுத்தை நடக்கின்றது என ஊகிக்கலாம். கண்டவற்றை நாள், பொழுது, இடம், மரம், விலங்கின் செயல் என்னும் முறையில் குறிப்பேட்டில் அன்றன்றே எழுதிவைத்தல் வேண்டும். எழுதாத காட்சி நாளடைவில் மங்கும். எழுதியதோ பின்வருவோர்க்கும் பயன்படும்.

இத்துறையில் தமிழர்க்கு வழிகாட்டியாக விளங்கியவர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாகிய இவர், காடுகளில் நடந்து திரிந்து விலங்குகளையும் பறவைகளையும் கண்டு எழுதினார். கருப்பு வெள்ளைப் படங்களும் எடுத்தார். கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950-ஆம் ஆண்டு தொடங்கித் தம் வாழ்நாளின் இறுதிவரை இயற்கை பற்றிய கட்டுரைத் தொடரை எழுதிவந்தார். தமிழிலும் அவர் கட்டுரைகள் உண்டு. வீட்டு முற்றத்து அணிலையும் காக்கையையும் யானையைப்போலவே மதித்து நோக்கியது அவருடைய கண்.

காட்டில் தங்குதல்

காட்டுயிரைக் காணக் கூடாரமிட்டுத் தங்கும் வழக்கம் மேலை நாடுகளில் மிகுதி. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகஸ் நகருக்கு மேற்கே ‘ரெட் ராக் கேனியன்’ எனப்படும் செம்பாறைப் பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. இரும்புச் சத்துத் துருவேறியதால் சிவந்த மணற்பாறைகள் அங்கே மதில்போல் எழுந்து நிற்கின்றன. 1990-ஆம் ஆண்டில் அது தேசியப் பாதுகாப்புப் பகுதியாக்கப்பட்டது. பாலைநில ஆமையும், பெருங்கொம்புக் காட்டாடும் அங்கு வாழ்கின்றன. தங்குவதற்கென ஒதுக்கிய இடத்தில் மக்கள் கூடாரமிட்டுத் தங்கலாம். ஆயினும், அங்கும் திரியும் காட்டுக் கழுதைகளுக்கு உணவு கொடுத்தல் தடுக்கப்பட்டுள்ளது. கையுணவுக்குப் பழகிய விலங்கு சாலையோரத்தை நாடி வந்து ஊர்திகளில் அடிபடும் என்பதே காரணம்.

திருவில்லிபுத்தூர்க் காட்டின் நிலை வேறு. இது யானையும் வேங்கையும் உலவும் காடு. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயத்தினுள் வெளியார் புகுவதற்கு வனத்துறையின் இசைவு வேண்டும். விரும்பியவர் விரும்பிய இடத்தில் கூடாரம் அடித்தல் இயலாது. எனினும், காட்டில் தங்கும் வாய்ப்பு முற்றிலும் இல்லை என்பதன்று. 2006-ஆம் ஆண்டு முதல் நான்காண்டுக்கு ஒருமுறை நாடெங்கும் புலிக் கணக்கெடுப்பு நடைபெறுகின்றது. அக்காலங்களில் வனப் பணியாளரோடு கல்லூரி மாணவரும் இயற்கை ஆர்வலரும் கலந்துகொள்வதுண்டு. வேட்டைத் தடுப்பு முகாம்களே அவர்க்குத் தங்குமிடம். யானை புகாவண்ணம் அம்முகாம்களைச் சுற்றி அகழி தோண்டப்பட்டிருக்கும்.

அம்முகாம் வாழ்வு எளியது. விடியற்காலையில் எழுந்து, நீரும் சிறிது உணவும் எடுத்துக்கொண்டு, வகுத்த வழியில் நடத்தல் வேண்டும். ஊனுண்ணிகளின் சுவடும் எச்சமும் தேடி ஐந்து கிலோமீட்டர் நடப்பது ஒரு முறை. இரண்டு கிலோமீட்டர் நேர்க்கோட்டில் நடந்து, இருபுறமும் கண்ட விலங்குகளை எண்ணிக் குறிப்பது மற்றொரு முறை. பகலில் குறிப்புகளை ஒழுங்கு செய்வர். பொழுது சாய்ந்தபின் முகாமைவிட்டு எவரும் வெளியே செல்லார். பக்கியின் குரலும், எங்கோ கடமான் எழுப்பும் எச்சரிக்கை ஒலியும், ஓடையின் சலசலப்பும் அவர்தம் இரவுத் துணை. பல நாள் நடந்தும் வேங்கையை ஒருமுறையேனும் காணாது திரும்புவோரே மிகுதி. ஆயினும், அவர் உழைப்பு வீண் போவதில்லை. அவர் குறித்த ஒவ்வொரு சுவடும் நாட்டின் கணக்கில் ஏறுகின்றது.

நீரும் நெருப்பும்

காட்டு விதிகள் மனிதரைத் துன்புறுத்த எழுந்தவை அல்ல, பட்டறிவிலிருந்து பிறந்தவை. 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில் சதுரகிரிக்குச் சென்ற அடியார்கள் திடீரெனப் பெருகிய காட்டாற்று வெள்ளத்தில் சிக்கினர். அவருள் சிலர் உயிரிழந்தனர். மலைமுடியில் பெய்யும் மழையைக் கீழே நிற்போர் காண்பதில்லை. அவர் தலைக்குமேல் வானம் தெளிந்திருக்கும்போதே, கணுக்காலளவு ஓடிய நீர் ஆளை உருட்டும் வெள்ளமாகிவிடும். நீர் கலங்கத் தொடங்கினாலும், சருகும் குச்சியும் மிதந்து வந்தாலும் உடனே மேட்டில் ஏறுதல் வேண்டும். ஓடைமணலில் படுத்துறங்குதல் ஒருபோதும் கூடாது.

2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அடுத்த தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் இருபதின்மருக்கு மேல் மாண்டனர். வேனிலில் உலர்ந்த போதைப்புல் ஒரு சிறு பொறியையும் பெருநெருப்பாக்கும். காற்றோடு சேர்ந்து மேட்டை நோக்கி ஏறும் தீயை ஓடி வெல்லுதல் அரிது. அத்துயர நிகழ்ச்சியின் பின்னர் மலையேற்றத்திற்கென அரசு விதிகளை வகுத்தது. 2024-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு மாநிலமெங்கும் நாற்பது வழிகளைத் தேர்ந்து, வழிகாட்டியின் துணையுடன் மட்டும் செல்லும் மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது.

மலையோடு வாழும் மக்கள்

இம்மலையை நூலால் அன்றி வாழ்வால் அறிந்தவர் பளியர் என்னும் பழங்குடியினர். செண்பகத்தோப்பு, அய்யனார் கோவில் முதலிய இடங்களில் அவர்தம் குடியிருப்புகள் உள்ளன. தேனெடுத்தலும் கிழங்கு அகழ்தலும் அவர்க்கு வழிவழி வந்த தொழில்கள். எம்மரத்தில் எப்பருவத்தில் காய் தோன்றும், எவ்வழியில் யானை இறங்கும் என்பன அவர்க்கு இளமையிலேயே விளங்கும். வனக் காவற் பணியிலும் பளியர் சிலர் ஈடுபட்டுள்ளனர். காட்டுயிரை ஆராய வருவோர் அவர்தம் அறிவைத் துணையாகக் கொள்ளுதல் வேண்டும்.

அடிவாரத்துத் தோப்புக்காரரின் நிலையையும் எண்ணுதல் நேர்மை. சரணாலயத்தின் எல்லையை அணில் அறியாது. காட்டு மரத்திலிருந்து தோப்பு மாமரத்திற்கு ஒரு கிளை நீண்டிருந்தால், அது தோப்பிற்கும் வரும், மாங்காயைக் கடிக்கும், தென்னையிலும் ஏறும். யானை வந்தால் ஓர் இரவிலேயே பல தென்னைகள் சாய்ந்துவிடும். ஆண்டு முழுதும் நீர் பாய்ச்சிக் காத்தவனுக்கு அவ்விழப்பு சிறிதன்று. ‘காட்டைக் காப்பாற்றுக’ என்று நகரத்தில் இருந்துகொண்டு கூறுதல் எளிது. அதன் விலையைக் கொடுப்பவன் அடிவாரத்து உழவன். ஆதலின், பயிரிழந்தவனுக்கு உரிய இழப்பீட்டைக் காலந்தாழ்த்தாது அளித்தலும் காட்டைக் காக்கும் பணியின் ஒரு கூறேயாகும். தன் தோப்பில் பழுத்த புளியமரத்தை வெட்டாது விட்ட ஓர் உழவனும் அணிலுக்கு ஒரு பாதையை விட்டவனே. அவனை ஊர் மதித்தல் வேண்டும்.

மாணவர் கடமை

இச்செயல்களில் மாணவர்க்கும் பங்கு உண்டு. காட்டை நாடிச் செல்வோர் தாம் கொண்டு சென்ற நெகிழிப் பையையும் புட்டியையும் தாமே திரும்பக் கொண்டுவருதல் வேண்டும். குரங்குக்கோ அணிலுக்கோ தின்பண்டம் எறிதல் கூடாது. அன்பினால் செய்யப்படினும் அது தீங்கே. தீ மூட்டுதல் ஆகாது. கூட்டைக் கண்டால் அதன் இடத்தைப் பலரறியக் கூறாது, ஆசிரியரிடமோ வனத்துறையினரிடமோ தெரிவித்தல் நன்று. காட்டுக்குச் செல்ல இயலாதவர் பள்ளி வளாகத்து வேப்பமரத்தடியில் அரைமணி நேரம் அமைதியாக அமர்ந்து, அங்கு வரும் சிற்றணிலின் செயல்களைக் குறித்துப் பழகலாம். ஒன்றைக் கூர்ந்து நோக்கும் பழக்கம் அங்கே வாய்த்துவிட்டால், பின்னர்ச் செண்பகத்தோப்பின் மர உச்சியும் அவர்க்கு வெறும் பசுமையாகத் தோன்றாது.

வெறுமையான முற்றத்தில் அணில் ஆடக் கண்ட சங்கப் புலவர்க்கு அஃது இழப்பின் அடையாளம். இக்காலத்தார்க்கோ, பின்னிய கிளைகளின் மேல் சாம்பல் அணில் அஞ்சாது ஓடுதல், காடு அறுபடாது நிற்கின்றது என்பதன் அடையாளம். அக்காட்சி இன்றும் திருவில்லிபுத்தூருக்கு அருகில் உள்ளது. நாளையும் அது இருத்தல் வேண்டுமாயின், இன்று நிற்கும் மரங்கள் தம் கைகோத்தபடியே நிற்றல் வேண்டும்.

வினாக்கள்

1. சாம்பல் அணிலின் தோற்றத்தை விவரிக்க.
2. காட்டில் ஒரு பெருமரம் வீழ்வதால் சாம்பல் அணிலுக்கு நேரும் இடர்கள் யாவை?
3. அணிலாடு முன்றிலாரின் உவமையிலிருந்து காட்டுயிரைக் காண்போர் பெறும் பாடம் யாது?
4. காட்டாற்று வெள்ளம் வருவதை எவ்வெக் குறிகளால் முன்னரே அறியலாம்?
5. ‘காட்டைக் காப்பதன் விலையைக் கொடுப்பவன் அடிவாரத்து உழவன்’ என்னும் கருத்தை விளக்குக.
6. பள்ளி வளாகத்தில் ஓர் அணிலையோ பறவையையோ அரைமணி நேரம் நோக்கி, கண்டவற்றை முறையாகக் குறித்து ஒரு பத்தி எழுதுக.